திண்ணையில் இறங்கிய ஆறுமணிக்குருவி

அக்டோபர் நடுவில் காற்று திசை மாறுகிறது. மேற்கே இருந்து அடித்துக்கொண்டிருந்தது ஓய்ந்து, வாடை எழும்புகிறது. புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்து மீனவர்கள் இந்த மாற்றத்தைக் கடலில் பார்க்கிறார்கள். அரியாங்குப்பத்தில் மற்றவர்கள் அதைத் தங்கள் கொல்லையிலேயே பார்க்கலாம். அந்த வாரங்களில் ஏதோ ஒரு விடியற்காலையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னாலோ, மாடிப்படிக்கு அடியிலோ, திண்ணை ஓரத்திலோ, சில வீடுகளில் குளியலறைக்குள்ளேயோ ஒரு பறவை நிற்கும். முதுகு பச்சை. தோள் பட்டையில் பளீரென்ற நீலம். மார்பு இளமஞ்சள், தொண்டை வெள்ளை, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. மைனாவை விடச் சற்றுச் சிறிய உடம்பு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். பறக்காது, தத்தித் தத்தி நகர்ந்து மூலையில் ஒடுங்கும்.

“இன்னா குருவி தம்பி இது? யாரு வீட்டுக் கூண்டுல இருந்தாவது ஓடியாந்துதா?” என்று காக்காயந்தோப்புப் பக்கம் ஓர் ஆயா கேட்டார்.

“கூண்டுக் குருவி இல்லீங்க ஆயா. வடக்கே இருந்து பறந்து வருது. ராத்திரி ராத்திரியா வரும்.”

“இத்தினூண்டு றெக்கையிலயா?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்தியப் பிட்டா என்று பறவை நூல்கள் சொல்லும் இந்த ஆறுமணிக்குருவியின் எடை ஐம்பது, அறுபது கிராம். இறக்கை குட்டை. காட்டுத் தரையில் சருகைக் கிளறி மண்புழுவும் வண்டுப் புழுவும் தின்று வாழ்வதற்கு ஏற்ற உடம்பு. தென்மேற்குப் பருவமழையோடு இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியக் குன்றுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். மழை முடிந்ததும் தெற்கே கிளம்பிவிடும். செப்டம்பர், அக்டோபரில் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்து, ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும். விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும் என்பதால்தான் ஆறுமணிக்குருவி.

அது ஏன் இரவில் பறக்கிறது? பகலில் தின்ன வேண்டும் என்பது ஒரு காரணம். இரவில் காற்று அடங்கியும் குளிர்ந்தும் இருக்கும், உடம்பு சூடேறாது, பருந்துகளின் தொல்லையும் இல்லை. வழி தெரிவதற்கு என்ன செய்யும் என்பதுதான் நீண்ட காலம் புதிராக இருந்தது. 1960-களில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் எம்லென் ஒரு எளிய கருவியைப் பயன்படுத்தினார். புனல் வடிவத்தில் சுருட்டிய உறிஞ்சுதாள், அடியில் மை தோய்த்த பஞ்சு. உள்ளே ஒரு வலசைப் பறவை. பயணக் காலம் வந்ததும் பறவை எந்தப் பக்கம் போகத் துடிக்கிறதோ அந்தப் பக்கம் எம்பி எம்பித் தாளில் மைக்கால் பதிக்கும். கோளரங்கத்தின் செயற்கை வானத்துக்குக் கீழே இந்தப் புனலை வைத்து, நட்சத்திரங்களை அவர் திருப்பினார். மைத்தடங்களும் திரும்பின. வானம் எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சுழல்கிறது என்பதைக் குஞ்சுப் பருவத்திலேயே பார்த்துப் பழகி, அதை வைத்துத் திசை அறிகிறது பறவை என்பது அவர் ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது. அதே காலத்தில் ஜெர்மனியின் பிராங்ஃபர்ட்டில் ஆய்வாளர் வில்ட்ஷ்கோ, ராபின் பறவைகள் பூமியின் காந்தப்புலத்தையும் உணர்கின்றன என்று காட்டினார். அந்த உணர்வுக்கு ஒளியே தேவைப்படுகிறது என்பது பின்னால் தெரிந்தது. நீலம், பச்சை வெளிச்சத்தில் ராபினின் திசையறிவு வேலை செய்கிறது. சிவப்பு வெளிச்சத்தில் குழம்புகிறது. கண்ணின் விழித்திரையில் உள்ள கிரிப்டோகுரோம் என்ற புரதம் இதற்குப் பொறுப்பாக இருக்கலாம் என்பதற்கு 2021-இல் வலுவான சோதனைச் சான்று வெளியானது. இந்தச் சோதனைகள் வேறு பறவைகளில் நடந்தவை. ஆனால் இரவில் வலசை போகும் சிறு பறவைகள் பலவற்றுக்கும் அடிப்படை இதுவே என்று கருத இடமிருக்கிறது.

இப்போது அந்தப் பறவையின் உயரத்திலிருந்து நம் ஊரைப் பார்ப்போம். வடக்கே அரியாங்குப்பத்து ஆறு, தெற்கே சுண்ணாம்பாறு. இரண்டும் சங்கராபரணியின் கிளைகள். கிழக்கே கடல். நடுவில் இருக்கும் இந்த நிலத்துண்டில் ஆள் நடமாட்டம் புதிதல்ல. ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மட்பாண்டச் சில்லுகள் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கப்பல் வணிகம் நடந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டாயிரம் ஆண்டுகளில் மிகப் பெரும்பகுதி இங்கே இரவு இருட்டாகவே இருந்தது. இன்று தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகமும் கடலூர் சாலையும் கல்யாண மண்டபங்களும் மாடி வீடுகளும் சேர்ந்து கீழே ஒரு வெள்ளை வானத்தை விரித்திருக்கின்றன. வானம் தெளிவாக இருந்தால் பறவை அதைத் தாண்டிப் போய்விடக்கூடும். அக்டோபரில் அது தெளிவாக இருப்பதில்லை. மேகம் நட்சத்திரத்தை மறைக்கிறது, மழை பறவையைத் தாழ இறக்குகிறது, தாழ வந்ததும் விளக்கு பிடித்துக்கொள்கிறது.

விளக்கு எவ்வளவு பலமாகப் பிடிக்கும் என்பதை நியூயார்க்கில் அளந்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 11 அன்று, இடிந்த இரட்டைக் கோபுரங்களின் நினைவாக 88 பெரிய விளக்குகள் வானை நோக்கி ஏற்றப்படுகின்றன. 2008 முதல் 2016 வரையிலான காலத்தில் ஏழு இரவுகளை ரேடார் கொண்டு ஆராய்ந்தபோது, சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டது தெரிந்தது. சுற்றுவட்டாரத்தை விட இருபது மடங்கு வரை அடர்த்தியாக அவை ஒளிக்குள் வட்டமிட்டன. என்னை இந்த ஆய்வில் மிகவும் பாதித்தது அடுத்த தகவல்தான். விளக்கை அணைத்தார்கள், சில நிமிடங்களில் பறவைகள் கலைந்து தம் வழியே போய்விட்டன. சுவிட்சைத் தட்டுவதால் இவ்வளவு உடனடியாகத் தீரும் சுற்றுச்சூழல் கேடு வேறு எது இருக்கிறது? அசாமின் ஜதிங்காவிலும் இதே கதைதான். மழைக்காலம் முடியும் தறுவாயில், நிலவில்லாத மூடுபனி இரவுகளில் பறவைகள் கூட்டமாக விளக்குகளை நோக்கி இறங்குவதை இயற்கையியலாளர் ஈ. பி. ஜீ எழுதி வெளியுலகம் அறிந்தது. பறவைகள் தற்கொலை செய்துகொள்கின்றன என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவை தற்கொலை செய்துகொள்ளவில்லை. பனியில் வழி தப்பி வெளிச்சத்துக்கு வந்தவற்றை மனிதர்கள் கழியால் அடித்தார்கள்.

ஆக, கொல்லையில் நிற்கும் ஆறுமணிக்குருவி பெரும்பாலும் நோயாளி அல்ல, களைத்துப்போன பயணி. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, அதை மெல்ல எடுத்து வைத்து, மூடி, இருட்டான சத்தமில்லாத இடத்தில் விட வேண்டும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் போனால் செத்துவிடும். அரிசியும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். குழந்தைகள் படம் எடுக்க ஆசைப்படுவார்கள். ஒன்று எடுத்தால் போதும். இறக்கை தொங்காமல், ரத்தம் இல்லாமல் இருந்தால், சில மணி நேரம் கழித்து, பூனை இல்லாத புதர் ஓரமாகத் திறந்துவிட்டால் போய்விடும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இதோடு இன்னொன்றும் செய்யலாம். வாழைக்கும் மாமரத்துக்கும் அடியில் விழும் சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் விட்டுவைத்தால், மண்புழுவும் வண்டும் அங்கே சேரும். குளிர்காலம் முழுக்க அந்தப் பறவைக்குச் சாப்பாடு அதுதான்.

வாசல் விளக்கு கூப்பிடுவது பறவையை மட்டுமல்ல. முதல் மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பி டியூப்லைட்டைச் சூழ்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூச்சி விளக்கை நிலவென்று எண்ணி ஏமாறுகிறது என்று பள்ளியில் படித்தோம். 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சாமுவேல் ஃபேபியனும் ஆய்வாளர் யஷ் சோந்தியும் சேர்ந்த குழுவினர் அதிவேகக் கேமராவால் படம்பிடித்து வேறு விளக்கம் தந்தார்கள். பறக்கும் பூச்சிக்கு மேல் எது கீழ் எது என்பதை வானத்து வெளிச்சம்தான் சொல்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்ளும். விளக்குக்குப் பக்கத்தில் வந்ததும் முதுகு விளக்கின் பக்கம் சாய்கிறது, பாதை வளைகிறது, சுற்றிச் சுற்றி வந்து மாட்டிக்கொள்கிறது. பூச்சி மாட்டிய இடத்துக்குப் பல்லி வரும், தேரை வரும். பல்லிக்குப் பின்னால் வெள்ளிக்கோல் வரையன் சுவரேறி வரும்.

இந்தப் பாம்பு விஷமில்லாதது. வீட்டுக்குள் வரும் பாம்புகளில் மிகச் சாதாரணமானது. இதைக் கட்டுவிரியன் என்று நினைத்து அடித்துக் கொல்வது ஊருக்கு ஊர் நடக்கிறது. வெள்ளிக்கோல் வரையனுக்கு வெளிர்ப் பட்டைகள் கழுத்திலேயே தொடங்கும், வால் பக்கம் போகப் போக மங்கிவிடும். கட்டுவிரியனுக்குத் தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் பட்டையே இருக்காது; அதன் பிறகு மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரட்டை இரட்டையாக வால் வரை தெளிவாக ஓடும். நடு முதுகில் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக அறுகோணமாக இருக்கும். புகைப்படத்தில் பார்த்துப் பழக வேண்டிய அடையாளங்கள் இவை. குனிந்து சரிபார்க்கும் வேலை வேண்டாம். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. விடியும்போது கண் இமை தூக்க முடியாமல் இருக்கும், பேச்சு குழறும். பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிய கொசுவலை இந்தக் கடியைத் தடுக்கிறது. கட்டில் இன்னும் நல்லது.

மழைக்காலத்தில் பாம்பு வருவதற்கு விளக்கை விடப் பெரிய காரணம் தண்ணீர். பாம்பு தனக்கென்று பொந்து தோண்டுவது அரிது. எலி வளையிலும் கறையான் புற்றிலும் வயல் வரப்பு வெடிப்பிலும் குடியிருக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கு அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியே பாகூர் பக்கத்தை மூழ்கடித்தது. வீடூர் அணைத் தண்ணீர் சங்கராபரணியில் பெருகி வந்தது. அப்படிப்பட்ட நாளில் எலிக்கும் சாரைக்கும் நல்லபாம்புக்கும் கண்ணாடி விரியனுக்கும் மேடு என்று மிஞ்சுவது எது? வரப்பு போய்விட்டது. ஏரிக்கரையில் இடமில்லை. குளத்தையும் வாய்க்காலையும் தூர்த்து, நாலடி மண் கொட்டி உயர்த்திக் கட்டிய நம் வீட்டுக் கடைக்கால்தான் மிச்சம். பாம்பு நம்மைத் தேடி வரவில்லை, காய்ந்த தரையைத் தேடி வந்தது. வில்லியனூர்ச் சாலையிலும் தவளக்குப்பத்துப் பக்கமும் புதிது புதிதாக முளைக்கும் மனைப்பிரிவுகளைப் பார்க்கும்போதெல்லாம், எந்த வாய்க்கால் எங்கே தடுக்கப்பட்டது என்பதை அடுத்த மழையில் பாம்புகள் காட்டிக்கொடுத்துவிடும் என்றே தோன்றுகிறது.

பயப்பட வேண்டாம் என்று எழுதுவது எளிது. அதை நான் எழுதமாட்டேன். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தவர்கள். கடிபட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் உதவாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஜிப்மருக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். அங்கே ஏற்றும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்யப்படுகிறது: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். அந்த நஞ்சில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது இதே கடற்கரைச் சாலையில் வடக்கே, மாமல்லபுரத்துக்கு அப்பால் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சமூகத்தின் மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. தாமதமான மரியாதை.

கோடையில் வருகிறவர்கள் வேறு. மாசி, பங்குனியில் குண்டுக்கரிச்சான் மோட்டார் சைக்கிள் கண்ணாடியை மணிக்கணக்காகக் கொத்தும். கண்ணாடியில் தெரிவது தன் எல்லைக்குள் புகுந்த எதிரி என்பது அதன் எண்ணம். தன் உருவத்தைத் தானென்று அறியும் திறன் மிகச் சில உயிர்களுக்கே இருப்பதாக 1970-இல் கார்டன் காலப் தொடங்கிவைத்த கண்ணாடிச் சோதனைகள் காட்டின. கண்ணாடிக்கு ஒரு துணி உறை போட்டால் பறவையின் அலகும் மிஞ்சும், அதன் நிம்மதியும் மிஞ்சும். அதே மாதங்களில் தேன்சிட்டு துணிக்கொடியில் சிலந்தி நூலால் கூடு தொங்கவிடும். அந்தக் கொடியை ஒரு மாதம் விட்டுக்கொடுத்தால் போதும்.

மரநாயைப் பார்த்தவர்கள் குறைவு, கேட்டவர்கள் அதிகம். நள்ளிரவில் தகரக் கூரையில் யாரோ நடக்கும் சத்தம். மறுநாள் மொட்டைமாடியில், தினமும் அதே இடத்தில், விதைகளாலேயே ஆன எச்சம். ஈச்சங்கொட்டை, நாவல், அத்தி, பப்பாளி. சதை மட்டும் செரித்து விதை அப்படியே வெளியே வருகிறது. அந்த விதை முளைக்கும். நாம் நடாமலே வேலியோரம் முளைத்த நாவல் கன்றுக்கு இப்படியும் ஒரு தகப்பன் இருக்கலாம். பனையில் கள் இறக்கும் ஊர்களில் பானையில் வாய் வைப்பது இதன் பழைய பழக்கம். முன்பு பொந்து விழுந்த கிழட்டு மரங்களில் பகலெல்லாம் தூங்கும். 2011 டிசம்பர் 30 தானே புயல் இந்தக் கரையில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பது நினைவிருப்பவர்களுக்கு, அது ஏன் நம் பரணுக்கு வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பரணுக்கு வரும் இன்னொன்று கூகை. வீட்டுக்கு வரும் உயிர்களிலேயே அதிகம் பழி சுமந்தது இதுதான். கூகை குழறினால் சாவு என்று சொல்லி விரட்டுகிறார்கள், கல்லெறிகிறார்கள். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள். நாட்டின் ஆந்தை வணிகம் பற்றி டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கை படிக்கவே வேதனையானது.

கூகையின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தால் அது ஒரு முகமே அல்ல, காது என்று தெரியும். இதய வடிவில் வரிசையாக நிற்கும் விறைத்த இறகுகள் ஒலியைத் திரட்டி இரு காதுத் துளைகளுக்கும் அனுப்புகின்றன. அந்தத் துளைகள் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. இதனால் ஒலி இடமா வலமா என்பதோடு, எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதும் அதற்குத் தெரிகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரோஜர் பெய்ன், ஒளியே புகாத அறையில் தரையில் சருகு பரப்பி எலியை விட்டார். கூகை அந்தக் கும்மிருட்டில் பறந்து வந்து பிடித்தது. எலியின் வாசனையையோ உடல் சூட்டையோ கொண்டு பிடிக்கிறதோ என்று சந்தேகித்து, சருகுக்குள் ஒரு காகிதச் சுருளை நூல் கட்டி இழுத்தார். கூகை காகிதத்தையும் குறி தப்பாமல் பிடித்தது. ஒரு காதைப் பஞ்சால் அடைத்தபோதுதான் குறி தப்பியது. இறக்கையின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற நுண்ணிழைகள் இருப்பதால் பறக்கும் சத்தம் எலிக்கும் கேட்பதில்லை, அதன் சொந்தக் காதையும் மறைப்பதில்லை. பாகூர் நெல்வயலில் எலிக்கு விஷம் வைப்பவர்களை விட இந்தப் பறவை சுத்தமாக வேலை செய்கிறது. விஷம் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பரணில் ‘உஸ்ஸ்’ என்று பாம்பு சீறுவதாகச் சொல்லி வரும் அழைப்புகளில் சில, கூகைக் குஞ்சுகள் பசிக்குக் கத்துவதாகவே முடிகின்றன. முதல் முட்டையிலிருந்தே தாய் அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. மூத்தது இறகு முளைத்து நிற்கும்போது கடைக்குட்டி இன்னும் வெள்ளைத் தூவியோடு கிடக்கும். எலி நிறையக் கிடைக்கும் ஆண்டில் எல்லாம் பிழைக்கும். கிடைக்காத ஆண்டில் மூத்தவை மட்டும். கூகை கக்கிக் கீழே கிடக்கும் கறுப்பு உருண்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால், ரோமத்துக்குள் எலி மண்டையோடுகள் முழுசாகக் கிடைக்கும். பக்கத்துப் பள்ளியின் அறிவியல் ஆசிரியருக்கு இதைக் கொடுக்கலாம். எந்த எலி, எத்தனை என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம். அதுவரை இரவில் சத்தம் இருக்கும், நாற்றமும் இருக்கும். முட்டையோ குஞ்சோ இருக்கும்போது கூட்டைக் கலைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எல்லாம் பறந்துபோன பிறகு பரணின் துளையை அடைக்க விரும்புகிறவர்கள், வெளிச்சுவரில் எட்டாத உயரத்தில் ஒரு மரப்பெட்டியைப் பொருத்திவிட்டு அடைக்கலாம். பெட்டி, கூகை உள்ளே நின்று திரும்பும் அளவு அகலமாக இருக்க வேண்டும். வாசல் மழைச் சாரல் படாத பக்கம், அதாவது இந்தக் கரையில் மேற்கைப் பார்த்து இருப்பது நல்லது.